காட்சிக்கு முன் பட்டா

தென்மாவட்டங்களிலிருந்து பேருந்தில் சென்னைக்கு வருகிறவர்கள் இப்போது கோயம்பேடு வரை போவதில்லை. 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் முனையம் திறக்கப்பட்ட பிறகு, சென்னையின் தெற்கு வாசல் தாம்பரத்துக்கும் வண்டலூருக்கும் நகர்ந்துவிட்டது. பிள்ளைகளோடு வருகிற குடும்பத்துக்கு இங்கிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வரை பார்ப்பதற்குப் பஞ்சமில்லை: வண்டலூர் உயிரியல் பூங்கா, முட்டுக்காட்டில் படகு, தட்சிணசித்ராவில் பழைய வீடுகள், வடநெம்மேலி முதலைப் பண்ணை, கடைசியில் மாமல்லபுரம். இந்த வழி நெடுகிலும் ஏரிக்கரையிலும் வயலோரத்திலும் கழிமுகத்திலும் வாழ்ந்துவரும் பழங்குடிகள் இருளர்கள். செங்கல்பட்டு வட்டாரத்தில் வில்லியர் என்றும் சொல்வார்கள். சுற்றுலாப் பயணியின் கண்ணுக்கு அவர்கள் தென்படுவது ஒரே ஓர் இடத்தில்தான்: முதலைப் பண்ணைக்குள் பாம்பு விஷம் எடுத்துக் காட்டும் குழியருகே, சில நிமிடங்கள் மட்டும். அந்தக் காட்சியை நிறுத்த வேண்டும் என்று சிலர் சொல்கிறார்கள், பெரிதாக்க வேண்டும் என்று சிலர். இரண்டுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. காட்டப்படும் மரபுக்குச் சொந்தக்காரர் யார்? அதைக் காட்டுகிறவருக்கு இந்த மண்ணில் இருக்க இடம் உண்டா? இந்த இரண்டுக்கும் நேரான பதில் இருந்தால் இருளர் மரபைப் பயணிகளுக்குத் தாராளமாகக் காட்டலாம், காட்டவும் வேண்டும். இல்லையென்றால் அது வேடிக்கை மட்டும்தான்.

முதலில் அந்த மரபு எது என்று பார்ப்போம். கல்லில் செதுக்கியதோ ஓலையில் எழுதியதோ அல்ல, தரையைப் படிக்கும் அறிவு அது. வரப்பில் இருக்கும் பத்து வளைகளில் எதில் எலி இருக்கிறது, எது காலி, எதில் எலியைத் தின்றுவிட்டுப் பாம்பு படுத்திருக்கிறது என்று வளையின் வாயைப் பார்த்தே சொல்வது. மண் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறதா, உரித்த சட்டையின் துணுக்கு கிடக்கிறதா, எச்சம் காய்ந்ததா ஈரமா, தடம் உள்ளே போயிருக்கிறதா வெளியே வந்திருக்கிறதா என்று கவனிப்பார்கள். கையில் ஒரு சின்னக் கடப்பாரையும் துணிப்பையும் தவிர வேறு கருவி கிடையாது. எலி வளையைத் தோண்டினால் எலியும் கிடைக்கும், அது சேர்த்து வைத்த நெல்லும் கிடைக்கும். விவசாயிக்கு அது பயிர்ப் பாதுகாப்பு, இருளருக்கு அன்றைய சோறு. பெண்களிடம் மூலிகை அறிவு. கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, பனையோலைப் பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றைக் கையால் தடவியே இறால் பிடிக்கும் திறமையும் உண்டு. இவை எதற்கும் பள்ளியில் மதிப்பெண் இல்லை, வங்கியில் கடன் இல்லை. ஆனாலும் இந்த அறிவின் ஒரு கிளை இன்று நாடு முழுவதும் உயிர் காக்கிறது.

அது எப்படி நேர்ந்தது என்ற கதையில்தான் என் வாதத்துக்கு ஆதாரம் இருக்கிறது. பல பத்தாண்டுகள் இருளர்கள் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். அந்தத் தோல் வெளிநாட்டுக் கைப்பையாகவும் செருப்பாகவும் ஆனது. பிடித்தவருக்குக் கிடைத்தது சில்லறை, வியாபாரிக்குப் போனது லாபம். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976-ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்கும் தடை வந்தது. சூழல் நோக்கில் சரியான முடிவுதான். ஆனால் ஒரே வீச்சில் ஒரு சமூகத்தின் பிழைப்பு குற்றமாக மாறியது. தடை போட்டவர்கள் மாற்று வழி யோசிக்கவில்லை. யோசித்தவர் ராமுலஸ் விட்டேகர். 1970 வாக்கில் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் பாம்புப் பண்ணை தொடங்கி, பிறகு அதைக் கிண்டிக்கு மாற்றியவர்; 1976-ல் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை நிறுவியவர்களில் ஒருவர். பாம்பு பற்றி அவர் கற்றதில் பெரும்பகுதி இருளர்களிடம் கற்றது. தோலுக்குக் கொல்லாமல், விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்ப விட்டுவிடலாம் என்ற யோசனையில் 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் உருவானது. அதே கடப்பாரை, அதே கண், அதே கை. மாறியது விற்பனைப் பொருள் மட்டும் அல்ல, விற்பவரும் மாறினார். இடைத்தரகர் இருந்த இடத்தில் உறுப்பினர்களின் சங்கம் வந்தது.

வடநெம்மேலியில் அந்தக் குழியைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால் இது தெரியும். வரிசையாக மண்பானைகள், உள்ளே மணல், வாயில் காற்று போகும்படி கட்டிய பருத்தித் துணி. ஒவ்வொரு பானையிலும் பாம்பு. நான்கு இனங்கள்தான்: நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்தியாவில் பாம்புக்கடி மரணங்களுக்குப் பெருமளவு காரணமாகச் சொல்லப்படுபவை இவை நான்கும். ஊழியர் கொக்கியால் பாம்பை வெளியே எடுத்து, தலையைப் பின்புறமாகப் பிடித்து, மெல்லிய சவ்வு கட்டிய கண்ணாடிக் குடுவையின் விளிம்பில் பல்லைப் பதிய வைக்கிறார். மஞ்சளாகச் சில துளிகள். ஒரு பாம்பை மூன்று வாரம் போலத்தான் வைத்திருப்பார்கள், அதற்குள் சில தடவை விஷம் எடுப்பார்கள், பிறகு வயிற்றுச் செதிலில் அடையாளம் வெட்டிக் காட்டில் விட்டுவிடுவார்கள். மறுபடி பிடிபட்டால் அடையாளத்தைப் பார்த்து உடனே விட்டுவிடலாம். துளிகள் உறைய வைத்து உலர்த்தப்பட்டுப் பொடியாகி, மருந்து நிறுவனங்களுக்குப் போகின்றன. அங்கே குதிரைகளுக்குச் சிறிது சிறிதாகச் செலுத்தி, அவற்றின் ரத்தத்தில் உருவாகும் எதிர்ப்பொருளிலிருந்து முறிவு மருந்து தயாராகிறது. இந்திய நிறுவனங்கள் பயன்படுத்தும் விஷத்தில் பெரும்பகுதி பல ஆண்டுகளாக இந்த ஒரு சங்கத்திலிருந்து போனதுதான். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர், ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர், இறந்ததாக 2020-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. தர்மபுரியிலோ பீகாரிலோ ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒருவர் கையில் ஏறும் ஊசிக்குப் பின்னால் செங்கல்பட்டு வயல்வரப்பைத் தோண்டிய ஒரு கை இருக்கக்கூடும்.

மரபுக்குச் சொந்தக்காரர் யார் என்ற கேள்விக்கு ஆப்பிரிக்காவின் லெசோத்தோவைப் பார்ப்பது பயன் தரும். தென்னாப்பிரிக்கா நான்கு பக்கமும் சூழ்ந்த, 1,000 மீட்டருக்குக் கீழே ஓரடி நிலம்கூட இல்லாத மலைநாடு அது. அங்கே வாழும் பசோத்தோ மக்களை 19-ஆம் நூற்றாண்டில் ஒன்றுதிரட்டியவர் முதலாம் மொஷ்வேஷ்வே அரசர். 1824-ல் அவர் தாபா போசியூ என்ற தட்டையான மலையைத் தலைமையிடமாக்கினார். இன்று அந்த நாட்டுக்குப் போகும் பயணி பார்க்க விரும்புவது அந்த மலை, கூம்பு வடிவ மொகோரொட்லோ தொப்பி, தோளில் ஊசி குத்திப் போர்த்தும் கம்பளி, மலைப்பாதையில் மட்டக்குதிரைச் சவாரி. சுவையான விஷயம் என்னவென்றால், கம்பளி அவர்கள் நெய்ததல்ல. ஐரோப்பிய வியாபாரிகள் 1860 வாக்கில் அரசருக்குக் கொடுத்ததில் தொடங்கி, இங்கிலாந்து ஆலைகளில் நெய்யப்பட்டு, இப்போது தென்னாப்பிரிக்க ஆலையிலிருந்து வருவது. குதிரையும் வெளியிலிருந்து வந்ததே. ஆனாலும் அவை பசோத்தோ மரபுதான். பிறப்புக்கும் திருமணத்துக்கும் அரசர் முடிசூடுவதற்கும் எந்தக் கம்பளி, எப்படிப் போர்த்துவது என்று தீர்மானிக்கிறவர்கள் அவர்கள். 2017-ல் ஒரு பிரெஞ்சு ஆடம்பர நிறுவனம் அந்தக் கம்பளிக் கோலங்களைத் தன் விலையுயர்ந்த சட்டைகளில் போட்டபோது எழுந்த எதிர்ப்பும் இதைத்தான் சொன்னது: பழையதா புதியதா என்பது பேச்சல்ல, முடிவெடுப்பது யார் என்பதே பேச்சு. மலேயலேயா போன்ற ஊர்களில் பயணியை ஏற்றிச் செல்லும் குதிரைக்கும் வழிகாட்டலுக்கும் காசு வாங்குவது ஊர்க்காரர்கள். அதே மக்கள், பிள்ளைகளை வாலிபப் பருவத்துக்குள் கொண்டுபோகும் சடங்குப் பயிற்சியை வெளியாட்கள் பார்க்கவே விடுவதில்லை. எது திறந்திருக்கும், எது மூடியிருக்கும் என்பது அவர்கள் கையில்.

இருளர் சங்கமும் இந்த வகைதான். உறைய வைத்து உலர்த்திய விஷப் பொடியை எந்தப் பாட்டனும் கண்டதில்லை. ஆனால் பாட்டனின் அறிவு அதில்தான் உயிரோடு இருக்கிறது. விஷம் எடுக்கும் காட்சிக்குத் தனிச் சீட்டு, நடத்துவது சங்கம். அதனால் அந்தக் குழியருகே நிற்கும் பயணி ஒரு தொழிற்கூடத்தைப் பார்க்கிறார் என்றே கொள்ள வேண்டும். குறை எங்கே என்றால், அவருக்கு அது சொல்லப்படும் விதத்தில். பாம்பு சீறுகிறது, பிள்ளைகள் கத்துகிறார்கள், கைப்பேசிகள் உயர்கின்றன, முடிந்ததும் அடுத்த கூண்டு. அந்தத் துளி எங்கே போகிறது, பிடித்தவர் எந்த ஊர், அந்த வளையை எப்படிக் கண்டுபிடித்தார் என்ற பேச்சுக்கு நேரம் கொஞ்சம். 2017-ல் செங்கல்பட்டு மாவட்டம் சென்னேரியைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு அழைக்கப்பட்டார்கள். அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளை உள்ளூர் நிபுணர்களால் சதுப்பில் கண்டுபிடிக்க முடியவில்லை. இவர்கள் போய் ஒரு வாரத்துக்குச் சற்று அதிகமான நாட்களிலேயே 13 பாம்புகள் பிடிபட்டன. அதுவும் பழக்கமே இல்லாத நிலத்தில்! 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. உலகம் கூப்பிட்டுக் கற்றுக்கொண்ட அறிவு தாம்பரத்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது என்று நம் சுற்றுலாக் கையேடுகளில் எத்தனை சொல்கின்றன?

மனிதரைக் காட்சிப்பொருள் ஆக்குவதா என்ற ஆட்சேபம் நியாயமானது. அந்தமானில் ஜாரவா மக்களைப் பார்ப்பதற்காகவே வண்டிகள் வரிசைகட்டியதும், உணவுக்காக அவர்களை ஆட வைத்த காணொளி 2012-ல் வெளிவந்து நாடே தலைகுனிந்ததும் மறக்கக்கூடியவை அல்ல. ஆனால் அந்தக் கேவலம் எதில் இருந்தது? ஜாரவாக்கள் யாரையும் அழைக்கவில்லை, விலை சொல்லவில்லை, வேண்டாம் என்று சொல்லும் வழியும் அவர்களுக்கு இல்லை. நேரம் குறித்து, சீட்டு விற்று, வேலை முடிந்ததும் கைகழுவிவிட்டு வீட்டுக்குப் போகிற சங்க ஊழியரின் நிலை வேறு. அவரை ஜாரவாவோடு சேர்த்துப் பேசுவது அவர் மீது இரக்கம் போலத் தெரிந்தாலும், அவருடைய தொழில் திறமையை மறுப்பதில் போய் முடிகிறது. நெசவாளர் தறியில் உட்கார்ந்து காட்டினால் கலை என்கிறோம், இருளர் பாம்பு பிடித்துக் காட்டினால் மட்டும் ஏன் நமக்குக் கூச்சம்?

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று தமிழ்நாட்டில் எழும், எழ வேண்டும். 1953-ல் அரைநாள் படிப்பு, அரைநாள் அப்பன் தொழில் என்று வந்த திட்டத்தைக் குலக்கல்வி என்று எதிர்த்து விரட்டிய மாநிலம் இது. இருளர் பிள்ளை பாம்புதான் பிடிக்க வேண்டும் என்று மரபின் பெயரால் சொல்வது அதே பழைய கதைதானே? ஆம், அப்படிச் சொன்னால் அதே கதைதான். ஆனால் நிலைமையைப் பார்க்க வேண்டும். சங்கத்தில் சேர்ந்தவர்கள் சில நூறு பேர். தமிழ்நாட்டில் இருளர்கள் 2011 கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 1.9 லட்சம். மற்றவர்களில் கணிசமானோர் முன்பணம் வாங்கி அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் சிக்கியவர்கள். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்தும் இன்றுவரை அதிகாரிகளால் மீட்கப்படுபவர்களில் இருளர்கள் அடிக்கடி இருக்கிறார்கள். ஆகவே இன்றைய தேர்வு பாம்புக்கும் பட்டப்படிப்புக்கும் இடையே இல்லை. பிள்ளை படிக்கட்டும், பொறியாளராகட்டும், பாம்பின் பக்கமே போகாதிருக்கட்டும். ஆனால் அப்பனின் அறிவுக்கு நல்ல கூலியும் மரியாதையும் கிடைக்கிற வீட்டிலிருந்துதான் அந்தப் பிள்ளை தொடர்ந்து பள்ளிக்குப் போகும். குலக்கல்வியின் குற்றம் கட்டாயம். சங்கத்தில் கட்டாயம் இல்லை.

அறிவியல் தரப்பிலிருந்தும் ஒரு கேள்வி உண்டு. ஒரே இனப் பாம்பின் விஷமும் இடத்துக்கு இடம் மாறும். சென்னையைச் சுற்றிப் பிடித்த பாம்பின் விஷத்தில் செய்த மருந்து ராஜஸ்தானிலும் வடகிழக்கிலும் அதே அளவுக்கு வேலை செய்யாது என்று ஆய்வாளர்கள் எச்சரிக்கிறார்கள். காட்டில் பிடித்து விடுவதைவிட, பண்ணையிலேயே வளர்த்துச் சுத்தமான சூழலில் விஷம் எடுப்பது மேல் என்ற கருத்தும் இருக்கிறது. இவை வெறும் சாக்குப்போக்கு அல்ல, ஏற்க வேண்டியவை. ஆனால் பல மாநிலங்களில் விஷ மையம் திறந்தால் அங்கே பாம்பைக் கண்டுபிடிக்கவும், கையாளவும், உள்ளூர் ஆட்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் யார் இருக்கிறார்கள்? இருளர்களைப் பயிற்றுநர்களாக அனுப்புங்கள் என்பதுதான் இந்த ஆட்சேபத்தின் இயல்பான முடிவு. புளோரிடாவுக்குப் போனவர்கள் ஜெய்ப்பூருக்குப் போக மாட்டார்களா?

மரபில் எல்லாமே காட்டுவதற்கு அல்ல என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். மாசி மகத்துக்கு முந்தைய நாளிலிருந்தே பல மாவட்டங்களிலிருந்து இருளர்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வந்து சேர்கிறார்கள். சேலையைக் கட்டித் தடுத்த குடில்கள், மணலில் அடுப்பு, இரவெல்லாம் பாட்டும் ஆட்டமும். பொழுது விடியும்போது கடலோரம் மணலில் படி கட்டி, பூவும் தேங்காயும் மஞ்சளும் வைத்துக் கன்னியம்மனைக் கும்பிடுகிறார்கள். அங்கேயே மொட்டை, காதுகுத்து, நிச்சயம், கல்யாணம். ஆண்டெல்லாம் சிதறிக் கிடக்கும் சொந்தங்கள் கூடுவதும் பெண் பார்ப்பதும் வழக்கு பேசித் தீர்ப்பதும் அன்றுதான். சற்றுத் தள்ளி, 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் நினைவுச்சின்னங்களில் ஒன்றான கடற்கரைக் கோயில் நிற்கிறது, அதைப் பார்க்க உலகம் வருகிறது. இந்த நாளையும் சுற்றுலா விழாவாக்கி, மேடை போட்டு, அமைச்சர் குத்துவிளக்கு ஏற்றினால் என்ன என்று யாருக்காவது தோன்றலாம். தோன்றினால் அதை அப்படியே விட்டுவிடுவது நல்லது. அரசு செய்ய வேண்டியது குடிநீர், கழிப்பறை, விளக்கு, மருத்துவ முகாம். பயணி செய்ய வேண்டியது தூரம் காப்பது. தாலி கட்டும் நேரத்தில் மணப்பெண்ணின் முகத்துக்கு நேரே கேமராவை நீட்டுவதற்கு எந்தச் சீட்டும் இல்லை, தலைக்கு மேல் ட்ரோன் பறக்கவிடுவதற்கும் இல்லை.

இனி இடம் பற்றி. தாம்பரம் 2021-ல் மாநகராட்சி ஆனது. அதற்கு முன்பிருந்தே வண்டலூர், கேளம்பாக்கம், திருப்போரூர் பக்கம் வயல்கள் மனைகளாகி, ஏரிகளின் ஓரங்கள் அடுக்ககங்களாகிவிட்டன. பாம்பு பிடிக்க வரப்பு வேண்டும், எலிக்கு நெல் வேண்டும், இறாலுக்குக் கழிமுகம் வேண்டும். அவை போகப்போக இருளரின் அறிவு புழங்கும் பரப்பும் குறைகிறது. அதோடு, அவர்கள் குடிசை போட்டிருப்பது பெரும்பாலும் ஏரிப் புறம்போக்கில். நீர்நிலைப் புறம்போக்குக்குப் பட்டா கிடையாது என்ற விதி ஏரிகளைக் காக்க வந்தது. மாற்று மனை கொடுக்காமல் அதையே காட்டினால் தலைமுறையாக இருப்பவர் ஆக்கிரமிப்பாளர் ஆகிறார். 2006-ன் வன உரிமைச் சட்டம் காட்டுக்குள் இருப்பவர்களுக்கு உதவலாம், சமவெளி இருளருக்கு அதில் கிடைப்பது மிகக் குறைவு. பழங்குடிச் சான்றிதழுக்குக் கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு நடந்து அலுத்தவர்கள் ஏராளம். பாட்டன் பெயரில் காகிதம் கேட்டால் காகிதமே இல்லாத வாழ்க்கை வாழ்ந்த பாட்டன் எங்கே போவான்? தமிழ்நாட்டின் ஆறு அழிநிலைப் பழங்குடிகளில் இருளர் ஒன்று என்று அரசே அறிவித்திருக்கிறது. 2021-ல் இருளர்களின் நிலையைக் காட்டிய ஒரு திரைப்படம் வந்தபோது சில வாரங்கள் எல்லாரும் இதைப் பற்றிப் பேசினோம், பிறகு அடுத்த படம் வந்துவிட்டது.

எனவே கேட்பது இவ்வளவுதான். சங்கத்துக்கான ஆண்டு அனுமதி, பிடிக்கும் பருவம் தொடங்கும் முன் கைக்கு வர வேண்டும். கோப்பு ஒரு மேசையில் தூங்கினால் அந்த ஆண்டு வருமானமும் தூங்கிவிடுகிறது, முறிவு மருந்தும் குறைகிறது. மாநகராட்சியும் தீயணைப்புத் துறையும் குடியிருப்புகளில் பாம்பு பிடிக்க இருளர்களைக் கூலி கொடுத்து அமர்த்தலாம். செங்கல்பட்டை அடுத்த தண்டரையில் இருளர் பெண்கள் நலச் சங்கம் பல ஆண்டுகளாக மூலிகை நாற்றங்காலும் மருந்துத் தயாரிப்பும் நடத்துகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையின் சுற்றுலாப் பலகைகளில் அந்தப் பெயரும் வரட்டும், அந்தப் பெண்கள் சரி என்று சொன்னால். எல்லாவற்றுக்கும் முன், மாவட்ட நிர்வாகம் ஏரிக்கரை இருளர் குடும்பங்களைக் கணக்கெடுத்து, பிழைப்புக்கு எட்டுகிற தூரத்தில் மாற்று மனைப் பட்டாவும் பிள்ளைகளுக்குச் சான்றிதழும் கொடுக்க வேண்டும். எங்கோ ஒதுக்குப்புறத்தில் கொண்டுபோய்ப் போடும் பட்டா பட்டாவே அல்ல. பயணிகளுக்கு ஒரு வேண்டுகோள்: விடுமுறையில் வடநெம்மேலிக்குப் போனால், முதலைகளைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பாதீர்கள். சங்கத்தின் சீட்டைத் தனியாக வாங்குங்கள். விஷம் எடுத்து முடிந்ததும், பானையை மூடுகிறவரிடம் எந்த ஊர் என்று கேளுங்கள், வீட்டுக்குப் பட்டா இருக்கிறதா என்றும் கேளுங்கள். இல்லை என்று அவர் சொன்னால், உங்கள் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.